யாரிடம் கேட்பது

2024ஆம் வருடத் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. மறுநாள் வெள்ளி அமாவாசை. அரசாங்கம் அன்றைக்கும் விடுமுறை விட்டுவிட்டதால் சேர்ந்தாற்போல் நான்கு நாள் கிடைத்தது. புதன்கிழமை பல்லவனில் ஏறிக் காரைக்குடியில் இறங்கும்போது ராத்திரி பத்தரை தாண்டியிருந்தது. பையில் முக்கியமான சாமான்கள் மூன்று. அம்மாவுக்கு எடுத்த சேலை, அப்பாவுக்குப் படைக்க எடுத்த வேட்டி, பெரியப்பா அனுப்பியிருந்த கிரய ஒப்பந்தத்தின் நகல். நாலாவதாக ஒரு டாரட் சீட்டுக்கட்டும் இருந்தது. அதை முக்கியம் என்று அப்போது நினைக்கவில்லை.

ஒப்பந்தம் வீட்டைப் பற்றியது. பள்ளத்தூர் பக்கம் எங்கள் ஊர். ஐயாவின் அப்பா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போய், சம்பாதித்து வந்து கட்டிய வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் என்று செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி நீங்கள் இன்ஸ்டாகிராமில் பார்த்த எல்லாமே உண்டு. இன்ஸ்டாகிராமில் வராதது, மழை பெய்தால் வளவைச் சுற்றி எந்தெந்த இடத்தில் வாளி வைக்கவேண்டும் என்ற கணக்கு. அது அம்மாவுக்கு மனப்பாடம். பதினோரு பங்குக்காரர்கள். கோவை, சிங்கப்பூர், டெக்சாஸ் என்று இருக்கிறார்கள். குடியிருப்பது அம்மா மட்டும்தான்.

வாங்க வந்தவர் குடியிருப்பதற்காக வாங்கவில்லை. பிரித்து விற்பார். தூண் ஒரு ஓட்டலுக்கு, நிலைக்கதவு ஒரு பண்ணை வீட்டுக்கு, பித்தளைச் சாமான்களும் பழைய புகைப்படச் சட்டங்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு. இதில் எனக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. அந்தத் தெருவில் யாருடைய ஐயாவோ அப்பத்தாவோ கறுப்புவெள்ளையில் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைச் சின்ன வயசிலிருந்தே பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்திருந்தேன். பெருங்குடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், லிஃப்ட் உண்டு, ஆஸ்பத்திரி பக்கம். முடிவு செய்திருந்தேன் என்பதை இப்போது எழுதும்போதுதான் ஒத்துக்கொள்கிறேன். அப்போது யாராவது கேட்டிருந்தால், "யோசிச்சிட்டிருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

தீபாவளியன்று எண்ணெய்க் குளியல் முடிந்ததும் அப்பா படத்துக்கு முன்னால் வேட்டியை வைத்துப் படைத்தோம். அப்பா போய் மூன்றரை வருடம். அம்மா வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது விஷயத்தை எடுத்தேன். கேட்டுக்கொண்டே நாலைந்து பணியாரம் ஊற்றி எடுத்தார். பிறகு, "அப்பாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்ப்பா" என்றார்.

கேட்பது என்றால் பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு வெற்றிலையில் நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றி, குலுக்கிப் படத்துக்கு முன்னால் போடவேண்டும். எங்கள் வீட்டில் வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். எடுப்பதற்கு விவரம் தெரியாத ஒரு குழந்தை தேவை. எதிர்வீட்டுப் பையன், ஆறு வயது, பொட்டுவெடித் துப்பாக்கியோடு வந்தான். அம்மா அவனைக் கைகழுவ வைத்து, எடுக்கச் சொன்னார். செவ்வரளி.

நான் சிரித்தேன். "அவன் துப்பாக்கியைப் பாத்துக்கிட்டே எடுக்கிறான்ம்மா. மூணு தடவை பாப்போம், எது ரெண்டு தடவை வருதோ அது" என்றேன். அம்மா மறுபடி மடித்தார். வெள்ளை. மறுபடி. வெள்ளை. "பாத்தீங்களா" என்றேன். அம்மா பூக்களை எடுத்துப் படத்துக்கு அடியில் வைத்துவிட்டு, "சரிப்பா" என்று சொல்லி அடுப்படிக்குப் போனார்.

எங்கள் வேலையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கோடு எழுதி முடித்ததும் டெஸ்ட் ஓட்டுவோம். சிவப்பு வந்தால் ஏன் என்று பார்க்கவேண்டும். அவசரத்தில் இருப்பவன் பார்க்கமாட்டான். "இது அப்பப்ப இப்படி வரும்" என்று மறுபடி ஓட்டுவான். மூன்றாவது தடவை பச்சை வந்ததும் மெர்ஜ் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். மூன்றாவது பூவும் சிவப்பாக வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஐந்து தடவை என்றிருப்பேன்.

அன்று சாயங்காலம் டப்ளின் அலுவலகத்தில் இருக்கும் தோழியிடமிருந்து வாழ்த்து வந்தது. தீபாவளிக்கும் சேர்த்து, சாவினுக்கும் சேர்த்து. பையில் இருந்த சீட்டுக்கட்டு அவள் கொடுத்ததுதான். சாவின் என்பது ஹாலோவீனுக்கு அயர்லாந்தில் இருக்கும் பழைய பெயர். ஆங்கில எழுத்தில் பார்த்தால் சம்ஹைன் என்று படிக்கத் தோன்றும். உச்சரிப்பு ஏறக்குறைய சாவின்தான். தமிழ்க் காதில் அது எப்படி விழுகிறது என்பதை அவளுக்குச் சொன்னபோது அரை மணி நேரம் சிரித்தாள். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாள். ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கே அந்தப் பெயர். அந்த இரவில் இருப்பவர்களுக்கும் போனவர்களுக்கும் நடுவே உள்ள சுவர் மெலிந்துவிடும் என்பது நம்பிக்கை. அந்த வருடம் அது சரியாகத் தீபாவளி அன்றே விழுந்திருந்தது. நாங்கள் வேட்டி வைத்துப் படைத்த அதே நாளில் அங்கேயும் இறந்தவர்களை நினைத்து விளக்கேற்றுகிறவர்கள் இருந்தார்கள். சனிக்கிழமை, நவம்பர் 2, நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். மூன்று நாளில் மூன்று கூட்டம் இறந்தவர்களிடம் போய் நின்றது.

இறந்தவர்கள் வரும் நாளில் அவர்களிடம் எதையாவது கேட்டுவைக்கும் பழக்கமும் எங்கும் இருக்கும் போல. அயர்லாந்தில் அன்றைக்குப் பார்ம்பிராக் என்று உலர்திராட்சை போட்ட ஒரு ரொட்டி செய்கிறார்கள். உள்ளே மோதிரம், காசு, கந்தல்துணி என்று ஒளித்து வைப்பார்கள். மோதிரம் வந்தவருக்குக் கல்யாணம், கந்தல் வந்தவருக்கு வறுமை. வெற்றிலைக்குள் பூ வைப்பதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. டாரட் அந்த ஊர்ப் பழக்கம் கிடையாது, அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் அது வெறும் சீட்டாட்டம். 1781இல் கூர் து ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர் இது எகிப்தியர்களின் ஞான நூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துச் சொன்னது 1822இல். அதாவது, எகிப்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாத காலத்தில் அது என்ன சொல்கிறது என்று இவர் சொல்லிவிட்டார். என்னிடம் இருந்தது 1909இல் லண்டனில் வந்த கட்டின் மறுபதிப்பு. ஆர்தர் எட்வர்ட் வெயிட் யோசனை சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. எழுபத்தெட்டுச் சீட்டு. வெயிட் பெயர்தான் ரொம்ப நாளைக்குப் பெட்டியில் இருந்தது, வரைந்தவர் பெயர் இல்லை. ஆனால் இன்றைக்கு யாராவது அதைக் கையில் எடுப்பதே அந்தப் படங்களுக்காகத்தான்.

ராத்திரி வெடிச்சத்தம் ஓய்ந்தபிறகு பட்டாலையில் உட்கார்ந்து கட்டைக் கலைத்தேன். நம்பிக்கை இருந்ததா என்றால் இல்லை. ஆனால் பூ விஷயத்தில் எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது, அதற்குச் சமாதானம் தேவைப்பட்டது. மூன்று சீட்டு எடுத்தேன். முதலில், காசுகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவன், பின்னால் ஒரு நகரம். அடுத்தது, வெள்ளைக்குதிரை மேல் கவசம் போட்ட எலும்புக்கூடு. பதின்மூன்றாம் எண், மரணம். மூன்றாவதில் ஒரு படகு. பின்னால் நின்று ஒருவன் கோல் ஊன்றித் தள்ளுகிறான், முன்னால் முக்காடிட்ட ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், படகின் தளத்தில் ஆறு வாள்கள் குத்தி நிற்கின்றன.

இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா! பழைய சொத்தைப் பிடித்துக்கொண்டிருந்தோம், அப்பா போய்விட்டார், நான் அம்மாவை அக்கரைக்குக் கூட்டிப்போகிறேன். டெக்சாஸ் பங்காளிக்குக்கூடச் சொல்லிவிடலாம் என்று இருந்தது.

எழுபத்தெட்டில் மூன்று சீட்டை வரிசையாக எடுக்க 4,56,456 வழி உண்டு. அதில் எத்தனை வழியில் வந்திருந்தாலும் நான் இதே பதிலைப் படித்திருப்பேன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய அத்தனையிலும். முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நெல்லும் பூவும் தூவி விரிச்சி கேட்டு நிற்பார்கள். ஒரு இடைச்சிறுமி கன்றுக்குட்டியிடம் உன் அம்மா வந்துவிடுவாள் என்று ஆறுதல் சொல்வது காதில் விழும். அதைத் தலைவன் வருவான் என்று எடுத்துக்கொள்வார்கள். கன்றுக்குச் சொன்ன வார்த்தை. அவர்களுக்கு அது தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்கள். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. என் விஷயம் அப்படியா என்பதுதான் கேள்வி.

சீட்டு எடுப்பதே மூடத்தனம் என்று முடித்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலம், 919, 921. வாரியத்துக்கு ஆள் எடுக்கப் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஆனால் குடத்துக்கு முன்னால் எவ்வளவு பேசியிருக்கிறார்கள்! வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்கவேண்டும், நிலம் இருக்கவேண்டும், சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும், முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் கூடாது. இதெல்லாம் சபையில் முடிவான பிறகுதான் குடம் வருகிறது. எடுத்த ஓலையைத் திரும்பக் குடத்தில் போட்டு மறுபடி குலுக்குவதில்லை. அந்தச் சிறுவனின் கைக்கு எல்லோரும் முதலிலேயே கட்டுப்பட்டுவிடுகிறார்கள். (தகுதிப் பட்டியலைப் பார்த்தால் ஊரில் பாதிப்பேருக்கு மேல் குடத்துக்குப் பக்கத்திலேயே வந்திருக்க முடியாது. அது வேறு கட்டுரை.)

பூக்கட்டிப் பார்ப்பதும் அப்படி ஒரு ஒப்பந்தம்தான். எடுப்பதற்கு முன் வாக்குக் கொடுக்கிறோம். பூவுக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், வாக்கு என்னுடையது. மூன்று தடவை என்று நான் சொன்ன இடத்தில் அதை உடைத்தேன். டாரட்டில் உடைக்கவேண்டிய தேவைகூட வருவதில்லை, சீட்டு வந்தபிறகும் அர்த்தம் என் கையில்தான் இருக்கிறது. கிளி ஜோசியம் இதில் இன்னும் மோசம், கிளிக்கு ஒரு நெல்மணி, ஜோசியருக்கு ஒரு சீட்டு, கேட்பவருக்குக் கேட்க விரும்பியது. 2024 ஏப்ரலில் கடலூரில் ஒரு கிளி தங்கர் பச்சான் தேர்தலில் ஜெயிப்பார் என்று சீட்டு எடுத்துக் கொடுத்தது. கிளி வளர்த்ததற்காக வனத்துறை ஜோசியரைப் பிடித்து எச்சரித்து அனுப்பியது. தங்கர் பச்சான் தோற்றார். எல்லோரும் கிளியைப் பற்றித்தான் பேசினார்கள். ஒரு வேட்பாளர் அந்தச் சீட்டுக்கு முன்னால் உட்காரும்போது என்ன நினைத்திருப்பார் என்பதுதான் எனக்கு அன்று ராத்திரி ஞாபகம் வந்தது.

இறந்தவரிடம் கேட்பதில் இன்னொரு வசதியும் உண்டு. அவர் மறுக்கமாட்டார். படையலில் நாம் வைப்பதைத்தான் சாப்பிடுவார், நாம் எடுக்கிற வேட்டியைத்தான் கட்டுவார். வள்ளுவர் இல்லறத்தானின் கடமைகளை வரிசைப்படுத்தும்போது தென்புலத்தாரைத் தெய்வத்துக்கும் முன்னால் வைக்கிறார். அந்தக் கடன் எனக்கும் உண்டு என்றுதான் நினைக்கிறேன். எங்கள் பங்காளிகளின் படைப்பு வேறொரு வீட்டில் நடக்கிறது, பேழைக்குள் சேலையும் வேட்டியும் வைத்து மூடுவோம். ஆறாயிரம் மைல் தள்ளி இருப்பவன்கூட அதற்கு வந்துவிடுகிறான். ஆனால் அப்பாவுக்குச் செய்வது வேறு, அப்பா பெயரைச் சொல்லி ஒரு காரியத்தைச் சாதித்துக்கொள்வது வேறு. அன்று காலையில் நான் செய்தது இரண்டாவது. அதுவும் யாரைத் தாண்டிப் போவதற்காக?

இந்த இடத்தில்தான் வெறியாட்டுப் பாட்டுகள் ஞாபகம் வந்தன. மகள் இளைத்துப்போகிறாள். தாய்க்குக் கவலை. கட்டுவிச்சி நெல்லைப் பரப்பிக் குறி சொல்கிறாள், வேலன் கழங்கு போட்டுப் பார்க்கிறான், முருகன் பிடித்திருக்கிறான் என்கிறார்கள். ஆடு வெட்டி வெறியாடுகிறார்கள். மகளுக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும், இது காதல் என்று. ஒரு நற்றிணைப் பாட்டில் தோழி முருகனையே திட்டுகிறாள்: நீ காரணமில்லை என்று உனக்கே தெரியுமே, பிறகு ஏன் வந்து நிற்கிறாய் என்று. கல்லூரியில் படிக்கிற காலத்தில் எனக்கு இது காதல் பாட்டாக மட்டும்தான் இருந்தது. இப்போது வேறொன்று கண்ணில் பட்டது. அத்தனை அமர்க்களத்திலும் அந்தத் தாய், பக்கத்தில் படுத்திருக்கும் மகளிடம் என்னம்மா உனக்கு என்று கேட்டதாகப் பாட்டில் வரவில்லை.

நான் அம்மாவிடம் கேட்கவே இல்லை. சொன்னேன். பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம், "வித்துட்டு நீங்க எங்கூட வந்துருங்க, அதான் நல்லது" என்று சொன்னேன். அதில் கேள்விக்குறி எங்கே இருந்தது? வேடிக்கை என்னவென்றால் பத்திரப் பதிவு அலுவலகம்கூட அவரைக் கேட்கும். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவின் பங்கில் அம்மாவும் நானும் சம வாரிசு. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் என் பெயருக்கு மேலே அவர் பெயர்தான் இருந்தது. அதை நான் ஒரு ஃபார்மாலிட்டியாகத்தான் பார்த்திருந்தேன்.

மறுநாள் அமாவாசை. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அம்மா பட்டாலைக்கு வந்தார். சீட்டுகள் அப்படியே கிடந்தன. "என்னப்பா இது, சீட்டா?" என்று கையில் எடுத்தார். தோழி கொடுத்தது, வெளிநாட்டு ஜோசியம் மாதிரி, சும்மா பார்த்தேன் என்றேன். எலும்புக்கூட்டைப் பார்த்து முகம் சுளித்துக் கவிழ்த்து வைத்துவிட்டார். படகுச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத்தனை வாளைக் குத்தி வச்சிருக்கானே, ஓட்டை விழுந்து தண்ணி ஏறாதா?"

நான் அதை யோசித்ததே இல்லை.

"இந்தப் பொம்பளை யாரு? அழுறாளா, தூங்குறாளா? மூஞ்சியே தெரியலையே."

"தெரியலைம்மா."

"எங்க கூட்டிட்டுப் போறானாம்?"

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. "அம்மா, நேத்து நான் ஒழுங்காக் கேக்கலை. இந்த வீட்டை என்ன செய்யலாம்? நீங்க எங்க இருக்கணும்னு நினைக்கிறீங்க?" என்றேன். இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. பூவுக்கும் சரி சீட்டுக்கும் சரி, நான் இரண்டையும் ஒட்டி ஒரே கேள்வியாகத்தான் கொடுத்திருந்தேன். விற்றால் சென்னை, விற்காவிட்டால் இங்கே. ஆம், இல்லை என்று இரண்டே மதிப்பு வைத்துக்கொள்ளும் ஒரு மாறியில் அம்மாவை அடைத்துவிட்டிருந்தேன். அதை எத்தனை தடவை குலுக்கினாலும் உள்ளே இல்லாத பதில் வெளியே வராது.

"வீடு போகட்டும்ப்பா" என்றார். நான் எதிர்பார்த்தது அதில்லை. "வாளி வச்சு வச்சு எனக்கு இடுப்பு போச்சு. ராத்திரியில மரநாய் ஓடுறது கேட்டா முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். உங்கப்பா இருந்தப்பவே சொல்லியிருக்கேன், அவுக கேக்கலை. ஆனா மெட்ராஸுக்கு நான் வரலை. காரைக்குடியிலேயே சின்னதா ஒரு வாடகை வீடு பாரு. கொப்புடையம்மன் கோயிலுக்கு நடந்துபோற தூரத்துல. எனக்குன்னு நாலு பேர் அங்கதான் இருக்காக."

"அப்ப ஏன்ம்மா அப்பாகிட்ட கேப்போம்னு சொன்னீங்க?"

அம்மா சீட்டை மற்றவற்றோடு சேர்த்து அடுக்கினார். "நீ முடிவு பண்ணிட்டு வந்திருக்கேன்னு மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுச்சு. நான் வரலைன்னா மனசு கஷ்டப்படுவே. அப்பா வேணாம்னு சொன்னதா இருக்கட்டுமேன்னு நினைச்சேன். செவப்பு வந்ததும் விட்டுருவேன்னு பாத்தா, நீ மூணு தடவைங்கிறே."

அவரும் என்னைப் போலவேதான் அப்பாவை நடுவில் நிறுத்தியிருக்கிறார். அவர் என் மனது கோணாமல் இருக்க, நான் என் மனது கோணாமல் இருக்க. இரண்டையும் ஒன்றென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு தடவை பார்த்ததும் நிறுத்திக்கொள்ள அவர் தயாராக இருந்தார். முதல் பூவே வெள்ளையாக வந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று கேட்டேன். "வந்திருப்பேன்" என்றார். அதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை இருவரும் காரைக்குடிக்குப் போனோம். கல்லறைத் திருநாள் என்பதால் மெழுகுவத்திப் பாக்கெட்டும் செவ்வந்தி மாலையுமாக பஸ்ஸில் கூட்டம். கையெழுத்துப் போடாத ஒப்பந்தம் வீட்டில் பைக்குள்ளேயே இருந்தது; பெரியப்பா மூன்று தடவை அழைத்திருந்தார், நான் எடுக்கவில்லை. செக்காலைப் பக்கம் இரண்டு வீடு பார்த்தோம். முதல் வீடு மாடியில், அம்மா படியைப் பார்த்ததுமே திரும்பிவிட்டார். இரண்டாவது கீழ்வீடு, நல்ல வெளிச்சம், வாடகையும் பரவாயில்லை. எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்காரரிடம் அட்வான்ஸைப் பற்றிப் பேச வாயைத் திறந்தேன். அம்மா அதற்குள் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் தண்ணீரைப் பிடித்து வாயில் விட்டுத் துப்பினார்.

"உப்பு" என்றார். "வேற பாப்போம்."